தயிரின் புளிப்பும் தசையின் களைப்பும்

உறையிட்ட பால் ஓரிரவு கழியுமுன் தயிராகிப் புளிப்பதைக் காணாத நேயர் எவரும் இரார். அப்புளிப்புக்குக் காரணமாகிய பொருளை இரசாயன நூலார் இலற்றிக்கமிலம் என்பர். இலத்தீன் மொழியிற் பாலைக் குறிக்கும் சொல்லை அடியாகக் கொண்டெழுந்த பெயர் அது. அவ்வமிலம் தயிரில் மட்டுமன்றி மனிதனுடைய தசையிலும் குருதியிலும் உண்டு. நீங்கள் அமைதியாக அமர்ந்து இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் இவ்வேளையிலும் உங்கள் குருதியிலுள்ள செங்குருதிச் சிறுதுணிக்கைகள் அதனை ஆக்கிக்கொண்டே இருக்கின்றன. ஓடினால் அது பெருகும், இளைப்பாறினாற் குறையும்.

இந்த அமிலம் களைப்பை உண்டாக்கும் நஞ்சு என்றும், உடம்பு விரைவிற் கழித்துவிட வேண்டிய அழுக்கு என்றும் நெடுங்காலம் எண்ணப்பட்டது. இன்றும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எங்கே பிறந்தது, ஆராய்ச்சியாளரிடையே எவ்வாறு சரிந்தது, சரிந்த பின்னும் மக்களிடையே ஏன் நிலைத்தது என்பவற்றையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன். நான் வரலாறும் இலக்கியமும் பயின்றவன். இரசாயனம் என் துறையன்று. ஆயினும் ஒரு கருத்தின் பிறப்பும் வாழ்வும் வரலாற்று மாணவனுக்கு உரிய பொருள்தானே.

1780ஆம் ஆண்டிற் கதை தொடங்குகிறது. சுவீடன் நாட்டின் சிற்றூரொன்றில் மருந்துக்கடை நடத்தியவர் கால் வில்லெம் ஷீலே என்பார். பல்கலைக்கழகத்திற் பயிலாதவர், பதினான்கு வயதில் மருந்துக்கடையொன்றிலே தொழில் பழகச் சேர்ந்தவர். ஒட்சிசன் வாயுவைப் பிறர் உதவியின்றித் தாமே கண்டறிந்த பெருமையும் அவருக்குண்டு. புளித்துத் திரைந்த பாலின் தெளிநீரை வற்றக் காய்ச்சி, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நீக்கி, எஞ்சிய புளிப்புப் பொருளைத் தனியே எடுத்துக் காட்டியவர் அவரே. நாற்பத்து மூன்று வயதில் அவர் இறந்தார். தாம் பாலிற் கண்ட பொருள் மனிதனுடைய தசையிலும் உறைகிறது என்பதை அவர் அறிந்திலர்.

அதனை அறிந்தவரும் ஒரு சுவீடன் நாட்டவரே. பேர்சீலியஸ் என்னும் பேரறிஞர் 1807ஆம் ஆண்டளவில் விலங்கின் தசைநீரில் இவ்வமிலம் இருக்கக் கண்டார். வேட்டையில் துரத்தப்பட்டு ஓடி ஓய்ந்த மானின் தசையிலே அது மிகுதியாக இருந்தது என்றும், உழைப்பு எவ்வளவோ அமிலமும் அவ்வளவு என்று அவர் நம்பினார் என்றும் பின்வந்தோர் எழுதி வைத்தனர். மானும் வேட்டையும் கதைக்கு அழகு சேர்ப்பவை. அதனாற்போலும், உழைப்பும் அமிலமும் இணைபிரியாதவை என்ற எண்ணம் அன்றே வேர்விடத் தொடங்கிற்று.

பின்னர் ஜேர்மனியில் லீபிக் என்பார் இறைச்சியை ஆராய்ந்து அதனை உறுதிப்படுத்தினார். 1857இல் பாஸ்டர், பால் புளிப்பது நுண்ணுயிர்களின் செயலே என்று காட்டினார். தசையின் அமிலமும் தயிரின் அமிலமும் அமைப்பில் ஒன்றாயிருந்தும் ஒளியைத் திருப்பும் இயல்பில் வேறுபடுவதைக் கண்டு வியந்த விஸ்லிசேனஸ், அணுக்கள் வெளியில் அமையும் முறை வேறாதல் வேண்டும் என்று 1873இல் எழுதினார். மறுவருடமே வாண்ட் ஹொவ் என்னும் டச்சு இளைஞர் மூலக்கூறுகளின் முப்பரிமாண அமைப்பை விளக்க முன்வந்தார். இது நம் பொருளுக்குச் சற்றுப் புறம்பானது. எனினும் ஒரு புதிய இரசாயனத் துறையின் தோற்றத்திலும் இந்தப் புளிப்புக்குப் பங்குண்டு என்பதைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை.

இனி முதன்மையான இடத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை தசை அமிலத்தைப் பற்றிய முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டே இருந்தன. ஒருவர் உழைத்த தசையில் அமிலம் பெருகுகிறது என்பார். மற்றொருவர் ஓய்ந்த தசையிலும் அதேயளவு உண்டு என்பார். இருவரும் பொய் கூறியவர்கள் அல்லர். தசையை வெட்டுவதும் நசுக்குவதும் வெந்நீரில் இடுவதுமே அதனைத் தூண்டிவிடும். ஆராய்பவன் கைபட்ட கணத்திலேயே அமிலம் ஊறத் தொடங்கிவிடும். அளக்கப் புகுந்தவனே அளக்கப்படும் பொருளை மிகுவித்துவிடுகிறான்!

கேம்பிறிஜில் பிளெச்சர், ஹொப்கின்ஸ் என்னும் இருவர் இச்சிக்கலை அவிழ்த்தனர். தவளையின் தசையை எடுத்து, பனிக்கட்டி போற் குளிர்ந்த மதுசாரத்திலே சட்டென்று இட்டு, அந்தக் குளிரிலேயே அரைத்தனர். குளிரும் மதுசாரமும் தசையின் செயலை அக்கணமே நிறுத்திவிட்டன. அப்போதுதான் உண்மை தெரிந்தது. ஓய்ந்திருந்த தசையில் அமிலம் மிகச் சிறிதே உண்டு. ஒட்சிசன் இல்லாத இடத்தில் தசையைத் திரும்பத் திரும்பச் சுருங்கச் செய்தால், அது சோர்ந்துபோகும்வரை அமிலம் பெருகிக்கொண்டே செல்லும். சோர்ந்த தசையை ஒட்சிசனில் வைத்தால் அமிலம் மறையும்; தசையும் மீண்டும் உழைக்கும் ஆற்றல் பெறும். 1907இல் வெளிவந்த இந்த ஆய்வு உடற்றொழிலியலின் செவ்விய நூல்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. நேயர்கள் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். அமிலம் பெருகியபோது தசை சோர்ந்தது என்பதே அவர்கள் கண்டது. அமிலத்தினாலே தசை சோர்ந்தது என்பது வேறு செய்தி. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை அறிந்த நமக்கு இவ்விரண்டுக்குமுள்ள இடைவெளியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இடைவெளியை அக்காலத்தில் எவரும் பெரிதாக எண்ணவில்லை.

அடுத்து வந்தவர்கள் இருவர். இங்கிலாந்தில் ஆச்சிபோல்ட் ஹில் தசையிலிருந்து எழும் வெப்பத்தை மிக நுண்ணிய கருவிகளால் அளந்தார். ஜேர்மனியில் ஒற்றோ மேயர்ஹோவ் அதே தசையின் இரசாயனத்தை அளந்தார். தசையிற் சேமித்துள்ள கிளைக்கோசன் என்னும் மாப்பொருளே அமிலமாகிறது என்றும், இளைப்பாறும்போது அமிலத்தின் ஒரு சிறு பகுதி ஒட்சிசனோடு எரிய, அதனாற் பெற்ற சக்தியைக்கொண்டு பெரும்பகுதி மீண்டும் கிளைக்கோசன் ஆகிறது என்றும் மேயர்ஹோவ் காட்டினார். ஒருவர் அளந்த வெப்பமும் மற்றவர் அளந்த பொருளும் கணக்கிற் பொருந்தின. முதலாம் உலகப் போரிலே எதிரெதிர் நாடுகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவர்களிருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹில் தவளையோடு நின்றுவிடவில்லை. மன்செஸ்ரரில் புற்றரை ஒன்றிலே, மூச்சுக்காற்றைச் சேர்க்கும் பையை முதுகிற் சுமந்துகொண்டு, தாமே ஓடி அளந்தார். விரைந்து ஓடுபவன் அப்போதைக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெறாது பின்னர் மூச்சிரைத்து அதனைத் தீர்க்கிறான் என்ற கருத்தை, ஒட்சிசன் கடன் என்ற சொல்லால் உலகுக்குத் தந்தவர் அவரே.

இவ்வாறு ஒரு கோட்பாடு உருவாயிற்று. தசையைச் சுருங்கச் செய்வதே இலற்றிக்கமிலந்தான்; அது நீங்காது தேங்கினாற் களைப்பு; ஒட்சிசன் வந்து அதனை நீக்கினால் இளைப்பாறல். பார்ப்பதற்கு மிக அழகிய கோட்பாடு. இயக்குவதும் அதுவே, தடுப்பதும் அதுவே.

இக்கோட்பாட்டை வீழ்த்தியவர் அதனை வீழ்த்தப் புறப்பட்டவர் அல்லர். டென்மார்க்கின் தலைநகரில் ஐனார் லுண்ட்ஸ்கார்ட் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் அயடோ அசற்றிக்கமிலம் என்னும் ஒரு நஞ்சை விலங்குகளிற் செலுத்தி அதன் விளைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். நஞ்சேறிய விலங்கின் தசை விறைத்தது. விறைத்த தசை அமிலமாயிருத்தல் வேண்டும் என்பது அக்காலத்துத் துணிபு. அமிலமோ அங்கு இல்லை. மேலும் ஆராய்ந்தபோது, நஞ்சூட்டப்பட்ட தசை ஒரு துளி இலற்றிக்கமிலத்தையும் ஆக்காமலே பலமுறை சுருங்குவதைக் கண்டார். சில முறை சுருங்கிய பின் சோர்ந்து நின்றதும் அமிலமின்றியே. 1930இல் இது வெளியாயிற்று.

இதன் பொருளை நேயர்கள் ஆழ்ந்து நோக்க வேண்டும். சுருங்குவதற்கு அமிலம் வேண்டியதில்லை. சோர்வதற்கும் அமிலம் வேண்டியதில்லை. ஒரே சோதனையில் இரண்டு பழியும் விழுந்தன. ஆராய்ச்சியாளர் முதற்பகுதியை உடனே ஏற்றனர். ஹில் தமது கோட்பாட்டுக்காக வழக்காடிக்கொண்டிராது, தசையியலில் ஒரு புரட்சி நிகழ்ந்துவிட்டது என்று 1932இல் தாமே கட்டுரை எழுதினார். நோபெல் பரிசு பெற்றுப் பத்தாண்டு கழியுமுன் அவ்வாறு எழுத எத்தனைபேர் துணிவர்? ஆனால் இரண்டாம் பகுதி, அதாவது களைப்புக்கும் அமிலம் வேண்டியதில்லை என்பது, ஏனோ உரக்க ஒலிக்கவில்லை. பயிற்சியாளரும் பாடநூலாரும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தனர்.

அமிலமன்றேல் தசையை இயக்குவது யாது? விடை முன்னமே வந்து காத்திருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பிஸ்க் என்பாரும் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பாரும் 1927இல் தசையில் பொசுபோகிரியற்றீன் என்னும் பொருளைக் கண்டனர். 1929இல், ஏ.ரி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் அடினோசீன் முப்பொசுபேற்றை அவர்களும், ஜேர்மனியில் மேயர்ஹோவின் ஆய்வுகூடத்தில் லோமன் என்பாரும் தனித்தனியே கண்டனர். சுப்பாராவ் பீமாவரத்தில் பிறந்த ஆந்திரர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். நமக்கு அண்மையிலுள்ள சென்னையிற் படித்த ஒருவர், உயிர்கள் யாவும் செலவிடும் சக்தி நாணயத்தைக் கண்டறிந்தோருள் ஒருவர் என்பது நம் மாணவருள் எத்தனை பேருக்குத் தெரியும்? தசை நேரே செலவிடுவது இந்த ஏ.ரி.பி.யையே. குளுக்கோசு இலற்றிக்கமிலமாகும் வழியில் ஏ.ரி.பி. பிறக்கிறது, அதுவே அமிலத்துக்கும் உழைப்புக்கும் உள்ள உறவு.

மேயர்ஹோவின் பிற்கால வாழ்வைச் சொல்லாது மேலே செல்ல இயலாது. அவர் யூதர். ஹைடல்பேர்க்கில் உலகம் போற்றிய ஆய்வுகூடத்தை விட்டு 1938இற் பாரிஸ் நகருக்குச் சென்றார். 1940இல் ஜேர்மன் படை பிரான்சினுட் புகுந்தபோது பிரனீஸ் மலையைக் கடந்து, ஸ்பெயின் வழியாகத் தப்பி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் புகலிடம் பெற்றார். 1951இல் அங்கேயே இறந்தார். குளுக்கோசு படிப்படியாக உடைந்து செல்லும் பாதைக்கு இன்றும் அவர் பெயர் சேர்த்து வழங்கப்படுகிறது.

நாடு விட்டு வந்த வேறு இருவரும் இவ்வரலாற்றில் உளர். பிராக் நகரில் ஒன்றாய் மருத்துவம் பயின்று மணம் புரிந்த கால் கோரி, கேட்டி கோரி தம்பதியர் 1922இல் அமெரிக்கா சேர்ந்தனர். மனைவியோடு சேர்ந்து ஆராய்வது கணவனின் முன்னேற்றத்துக்கு இடையூறு என்று அங்கே ஒரு பல்கலைக்கழகத்திற் கூறப்பட்டதாம். அவர்கள் பிரிந்து ஆராய மறுத்தனர். 1929இல் அவர்கள் வகுத்துக் காட்டிய சக்கரம் இது: தசையிற் பிறக்கும் இலற்றிக்கமிலம் குருதி வழியே ஈரலை அடைகிறது, ஈரல் அதனை மீண்டும் குளுக்கோசாக்குகிறது, அக்குளுக்கோசு தசைக்குத் திரும்புகிறது. ஒரு குளுக்கோசு அமிலமாகும்போது தசை பெறும் ஏ.ரி.பி. இரண்டு; அதனை மீட்டெடுக்க ஈரல் செலவிடுவதோ ஆறு. அவசரத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி இருப்பது இயல்பே. 1947இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். மருத்துவத்துக்கான அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி கேட்டி கோரி. அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்ததும் அதே ஆண்டில்தான்!

ஈரல் வட்டி கொடுத்து மீட்கும் பொருள் அழுக்காயிருக்க முடியுமா? இக்கேள்வியை அப்போதே எவரேனும் கேட்டிருக்கலாம். அமிலம் நஞ்சன்று, திருப்பி எடுக்கப்படும் கழிவு என்ற அளவிலேயே எண்ணம் நின்றது.

1970களில் கலிபோர்னியாவின் பேர்க்கிலி நகரில் ஜோர்ஜ் புறூக்ஸ் என்பார், கதிர்த்தொழிற்பாடுள்ள காபனால் அடையாளமிட்ட இலற்றிக்கமிலத்தை, ஓடிக் களைத்த எலிகளிற் செலுத்தி அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார். அடையாளத்தின் பெரும்பகுதி மூச்சுக்காற்றிலே காபனீரொட்சைட்டாக வெளிவந்தது. எலி அதனை எரித்துச் சக்தி பெற்றிருந்தது. அடுத்த பத்தாண்டில் அவர் ஒரு புதிய விளக்கத்தை முன்வைத்தார். விரைந்து சுருங்கும் வெண்டசை நார்கள் ஆக்கும் அமிலத்தை அருகிலுள்ள செந்தசை நார்கள் வாங்கி எரிக்கின்றன. இதயத்தசையும் அதனை விரும்பி எரிக்கிறது. தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவைப்போல அமிலம் உறுப்புக்கு உறுப்பு சக்தியைச் சுமந்து செல்கிறது. தறியின் நாடாவைக் குறிக்கும் சொல்லையே அவர் தமது கோட்பாட்டுக்குப் பெயராக்கினார். தொடக்கத்தில் அதனை ஏற்கத் தயங்கியோர் பலர். 2017இல் அமெரிக்காவிலே சுண்டெலிகளில் நிகழ்த்திய ஆய்வொன்று, உணவின்றியிருக்கும் வேளையிற் பல உறுப்புகளுக்குக் குளுக்கோசு நேரே எரிபொருளாவதைக் காட்டிலும் இலற்றிக்கமிலமாக மாறிச் சென்றே மிகுதியாக எரிகிறது என்று காட்டிற்று.

அமிலம் ஏன் பிறக்கிறது என்பதையும் ஒருவாறு சொல்லவேண்டும். குளுக்கோசு உடைபடும்போது ஐதரசனைச் சுமந்து செல்லச் சில துணைநொதியங்கள் உண்டு. அவை அளவிற் சிறியன. சுமை இறக்கிய வண்டி திரும்பி வந்தாலன்றி அடுத்த சுமையை ஏற்ற முடியாது. உழைப்பு மிகும்போது, பைருவிக்கமிலம் அச்சுமையைத் தான் வாங்கிக்கொண்டு இலற்றிக்கமிலமாகிறது, வண்டி விடுபடுகிறது, சக்தி தடையின்றிப் பிறக்கிறது. ஆகவே விரைந்தோடும் காலை இவ்வமிலமே ஓடவிடுகிறது. அது பிறக்காதிருந்தால் ஓட்டம் இன்னும் விரைவிலேயே நின்றுவிடும்.

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் இப்பொருள் எவ்வாறோ பேச்சில் வந்துவிடுகிறது. 400 மீற்றர் ஓடி முடித்துப் புற்றரையிற் சாய்ந்த பிள்ளை, காலில் அமிலம் ஏறிவிட்டது என்கிறான். மறுநாள் படியேற முடியாது தசை நோவெடுத்தால், அமிலம் இன்னும் இறங்கவில்லை என்கிறான். எண்ணெய் தேய்த்து உருவினால் அது கரைந்துவிடும் என்று பெரியவர்களும் சொல்லுகின்றனர். உருவுவது சுகந்தான், அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டத்திற் பத்து மடங்குக்கு மேலாகப் பெருகும் இலற்றிக்கமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓய்வு நிலைக்கு இறங்கிவிடும். மறுநாள் நோவு, பழக்கமில்லாத உழைப்பினால், சிறப்பாக இறக்கத்தில் ஓடுவதுபோன்ற செயல்களால், தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தின் விளைவு. நோவை நஞ்சென்று நம்பும் பிள்ளை நஞ்சை இறக்க மருந்து தேடுவான். சேதம் என்று அறிந்த பிள்ளை இரண்டு நாள் பொறுத்திருந்து, பின்னர் மெல்லத் தொடங்குவான். எதனை நம்புகிறான் என்பது ஓட்டப்பாதையிலேயே தெரிந்துவிடும்.

களைப்புக்குக் காரணம்தான் யாது என்றால், பொசுபோகிரியற்றீன் உடைவதாற் சேரும் பொசுபேற்று, தசைக்கலத்தின் உப்புகள் இடம் மாறுதல், நரம்பின் தளர்ச்சி எனப் பல கூறப்படுகின்றன. கடும் ஓட்டத்தில் தசையில் அமிலத்தன்மை கூடுவது உண்மை. அதற்கு இலற்றிக்கமிலம் எவ்வளவு பொறுப்பு, அவ்வமிலத்தன்மை எவ்வளவு தடை என்பன இன்றும் அறிஞர் வாதிடும் பொருள்கள். மூளையின் துணைக்கலங்கள் இவ்வமிலத்தை ஆக்கி நரம்புக்கலங்களுக்கு ஊட்டுகின்றன என்று 1994இல் இருவர் முன்வைத்த கருத்தைப் பற்றியும் அவ்வாறே வாதம் நடக்கிறது.

இவ்வளவு கூறியதைக் கேட்டு அமிலம் என்றும் நன்மையே செய்யும் என்று எவரும் கொள்ளற்க. குருதியோட்டம் குன்றிய நோயாளியின் குருதியில் இது ஏறிக்கொண்டே போவது ஆபத்தின் அறிகுறி. புகையைக் கண்டு தீயை அறிவதுபோல மருத்துவர் அதனை அளந்து நோயின் கடுமையை அறிகின்றனர். நீரிழிவுக்குக் கொடுக்கப்பட்டுவந்த பென்போமின் என்னும் மருந்து, சிலரின் உடம்பில் இவ்வமிலத்தை உயிர் போகும் அளவுக்கு ஏற்றியதனால் 1970களின் இறுதியில் அமெரிக்காவில் விலக்கப்பட்டது.

ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. கோரி தம்பதியர் 1931இற் சென்று சேர்ந்த செயின்ற் லூயிஸ் நகரிலேயே, அலெக்ஸிஸ் ஹார்ட்மன் என்னும் குழந்தை மருத்துவர், நீரிழந்து குருதி அமிலப்பட்ட குழந்தைகளுக்கு நாளத்தில் ஏற்றும் உப்புநீரில், இலற்றிக்கமிலத்தின் சோடியம் உப்பைச் சேர்த்தார். அது 1932ஆம் ஆண்டளவில். ஈரல் அதனை எடுத்து எரிக்கும்போது அல்லது குளுக்கோசாக்கும்போது, குருதியின் அமிலத்தன்மை தணிகிறது. சத்திரசிகிச்சைக்குப் பின்னோ கடுங்காய்ச்சலிலோ உறவினரைப் பார்க்கச் செல்லும் நேயர்கள், கட்டிலருகே தொங்கும் தெளிநீர்ப் பையைக் கண்டிருப்பீர்கள். அப்பையில் ஹார்ட்மன் கரைசல் என்று எழுதியிருந்தால், துளித்துளியாக இறங்கும் அந்நீரில், ஷீலே புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த அப்பொருளும் கலந்திருக்கிறது.